டாக்டருக்கு இன்சென்டிவ் கொடுத்தால் வைத்தியம் தேறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனைக்கும் டாக்டருக்கும் செவிலியருக்கும் "இந்த வேலைக்கு இவ்வளவு" என்று தனியாகப் பணம் கொடுக்கிற திட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான் வருகின்றன. எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

சம்பளம் வாங்குகிற டாக்டருக்கு எதற்குத் தனியாக இன்சென்டிவ்?

சம்பளம் என்பது வந்து உட்கார்ந்ததற்குக் கொடுப்பது. உட்கார்ந்தவர் என்ன செய்தார் என்பது அந்தக் கணக்கில் வராது. சர்க்கரை நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைக் குனிந்து பார்க்கிற டாக்டருக்கும், நிமிர்ந்தே பார்க்காமல் போன மாதத்துச் சீட்டையே மறுபடி எழுதிக் கொடுக்கிற டாக்டருக்கும் மாதக் கடைசியில் ஒரே தொகைதான். இந்த இடத்தில் பிறந்த யோசனைதான் இது: நல்ல வைத்தியத்துக்கு அடையாளமாகச் சிலவற்றை எழுதி வைப்போம், பாதத்தைப் பார்த்தாரா, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, தடுப்பூசி போட்டாரா என்று எண்ணுவோம், எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடக் கொடுப்போம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். சிக்கல் எல்லாம் அந்த "எண்ணுவோம்" என்கிற சொல்லில் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே வாங்குகிறார்களே, அது இன்சென்டிவ் இல்லையா?

இன்சென்டிவ்தான், சொல்லப்போனால் எல்லாவற்றிலும் பலமானது. எந்த வழியில் பணம் கொடுத்தாலும் அது டாக்டரை ஒரு பக்கம் தள்ளும். செய்த ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்றால் அதிகம் செய்யத் தள்ளும். தலைக்கு இவ்வளவு என்று வருடத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டால் குறைவாகச் செய்யத் தள்ளும். வெறும் சம்பளம் என்றால் மதியம் ஒரு மணிக்கு வாசலைப் பார்க்கத் தள்ளும். தள்ளாத வழி என்று எதுவும் கிடையாது.

சிசேரியனை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8% சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36%. "பார்த்தீர்களா, பணம்தான் காரணம்" என்று உடனே முடித்துவிட வேண்டாம். இந்திய அளவில் அரசு மருத்துவமனை சராசரி 14.3% மட்டுமே. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தனிக் கட்டணம் வாங்காத நம் அரசு மருத்துவமனைகளே அதைப்போல இரண்டரை மடங்கு செய்கின்றன என்றால், பணம் தவிர வேறு காரணங்களும் இருக்கத்தான் வேண்டும்: பயம், ராத்திரி டூட்டி, மேலிடத்துக் கேள்வி, நல்ல நேரம் பார்க்கிற குடும்பம் என்று நிறைய.

கமிஷனும் இதுவும் ஒன்றா?

இல்லை. நோயாளியை அனுப்பி வைத்ததற்கு லேபும் ஸ்கேன் சென்டரும் டாக்டருக்குக் கொடுக்கிற "கட்" சட்டப்படி தவறு. 2002ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகளே அதைத் தடை செய்திருக்கின்றன. இன்சென்டிவ் திட்டம் வெளிப்படையாக, எழுத்தில், அரசோ காப்பீட்டு நிறுவனமோ கொடுப்பது.

ஆனால் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பகுதி உண்டு. ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) பில்லிங் பிரிவில் வேலை பார்த்த நண்பன் ஒருவன், மாதாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு கன்சல்டன்ட் பெயருக்கும் நேரே ஓபியில் பார்த்தது எத்தனை, அதில் அட்மிஷன் ஆனது எத்தனை என்று திரையில் போடுவார்கள் என்பான். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் "கன்வெர்ஷன்". வெளியே வந்து டீ குடிக்கும்போது ஒரு டாக்டர், "நான் என்ன மதமாற்றமா பண்றேன்" என்று சிரித்தாராம். சிரித்தார், ஆனால் அடுத்த மாதம் அவர் எண்ணிக்கை ஏறியிருந்தது.

இதை உண்மையிலேயே பெரிய அளவில் செய்து பார்த்த நாடு எது?

பிரிட்டன். 2004 ஏப்ரலில் அங்கே குடும்ப மருத்துவர்களுக்குப் புது ஒப்பந்தம் வந்தது. அதில் குவாலிட்டி அண்ட் அவுட்கம்ஸ் ஃப்ரேம்வொர்க் என்று ஒரு பகுதி. டாக்டர்கள் வாயில் அது "க்வாஃப்". மொத்தம் 146 அளவீடுகள், 1,050 புள்ளிகள். சர்க்கரை, ஆஸ்துமா, ரத்த அழுத்தம், இதய நோய் என்று பத்து நோய்கள், அதோடு ஆவணங்களைப் பராமரிப்பது, நோயாளிகளிடம் கருத்துக் கேட்பது எல்லாவற்றுக்கும் புள்ளி. முதல் ஆண்டில் ஒரு சராசரி கிளினிக்குக்கு ஒரு புள்ளி ஏறத்தாழ 75 பவுண்டு, அடுத்த ஆண்டு 120ஐத் தாண்டியது. குடும்ப மருத்துவர்களின் வருமானத்தில் சுமார் கால் பங்கு இதிலிருந்து வந்தது. ஏதோ தீபாவளி போனஸ் மாதிரி நினைத்துவிடாதீர்கள், கால் பங்கு.

டாக்டர்கள் 75% புள்ளி எடுப்பார்கள் என்று அரசு போட்ட கணக்கில்தான் நிதி ஒதுக்கியிருந்தார்கள். முதல் ஆண்டிலேயே சராசரியாக 91% எடுத்தார்கள். கஜானாவுக்குப் பெரிய ஓட்டை. ஒன்று டாக்டர்கள் எதிர்பார்த்ததை விடக் கெட்டிக்காரர்கள், இல்லை தேர்வுத்தாள் ரொம்பச் சுலபம். இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒப்பந்தத்துக்கு முந்தைய ஆண்டுகளிலேயே தரம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஏறுகிற பஸ்ஸைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு, நான்தான் ஏற்றினேன் என்று சொன்ன கதையும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

டாக்டர்கள் பொய்க்கணக்கு எழுதினார்களா?

பெரும்பாலும் இல்லை. அப்பட்டமான மோசடி குறைவு. ஆனால் பேனா லேசாகச் சாய்ந்தது.

ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். புள்ளி கிடைக்க மேல் அளவு 150 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். பதிவான அளவுகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். 150ஐ ஒட்டிக் கீழே இருக்கிற எண்கள் திடீரென்று பெருகி, அதை ஒட்டி மேலே இருக்கிற எண்கள் மெலிந்து போயிருந்தன. மனித உடம்பு எல்லாம் சொல்லி வைத்த மாதிரி ஏப்ரல் 2004க்குப் பிறகு 148லும் 149லும் போய் நிற்குமா என்ன? ஒரு முறை 154 வந்தால், "கொஞ்ச நேரம் உட்காருங்கள், மறுபடி பார்க்கலாம்" என்பார்கள். இரண்டாவது முறை 152. சரி, கையைத் தளர்த்துங்கள், மூச்சை இழுத்து விடுங்கள். மூன்றாவது முறை 149 வந்தவுடன் அளவெடுப்பது நின்றுவிடும். இதில் பொய் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. 149 நிஜமாகவே வந்தது. ஆனால் முதல் முறையே 146 வந்திருந்தால் இன்னொரு தடவை அளந்திருப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, "இந்த நோயாளியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று விலக்கி வைக்கிற உரிமை. மூன்று தடவை அழைத்தும் வராதவர், மருந்து ஒத்துக்கொள்ளாதவர், சாகும் தறுவாயில் இருப்பவர் போன்றோருக்காக வைத்த நியாயமான விதி. இது இல்லாவிட்டால் புள்ளிக்காகப் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்குக் கொழுப்பு மாத்திரை கொடுப்பார்கள். முதல் ஆண்டில் விலக்கப்பட்டவர்கள் பெரும்பாலான இடங்களில் 6% அளவில்தான் இருந்தார்கள். 15%க்கு மேல் விலக்கிய கிளினிக்குகள் நூற்றுக்கு ஒன்று. அந்த ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும்.

கடைசியில் நோயாளிக்கு என்ன கிடைத்தது?

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரையிலும் ஆஸ்துமாவிலும் பராமரிப்பு முதலில் கொஞ்சம் வேகமாக முன்னேறியது. ஏழைப் பகுதிக் கிளினிக்குகளுக்கும் பணக்காரப் பகுதிக் கிளினிக்குகளுக்கும் இருந்த இடைவெளி மூன்று ஆண்டுகளில் 4 சதவீதப் புள்ளியிலிருந்து 1க்கும் கீழே வந்தது. என் கணக்கில் க்வாஃபின் பெரிய சாதனை இதுதான், ஆனால் இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

அப்புறம் ஏற்றம் நின்றுவிட்டது. உச்சவரம்பைத் தொட்ட பிறகு மேலே போக யாருக்கும் காரணம் இல்லை. பட்டியலில் இல்லாத வேலைகள் கொஞ்சம் பின்தங்கின. ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்க்கிற வழக்கமும் குறைந்தது. 2016ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, பிரிட்டனின் மரண விகிதத்தை மற்ற வசதியான நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இந்தத் திட்டத்தால் மரணம் குறைந்ததாகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தெரியவில்லை என்றது.

அறைக்குள் என்ன மாறியது என்பது எண்ணிக்கையில் வராது. முழங்கால் வலி என்று ஒருவர் வந்து உட்காருகிறார். டாக்டரின் திரை ஓரத்தில் ஒரு பெட்டி துள்ளுகிறது: இவருடைய புகைப்பழக்கம் இந்த ஆண்டு பதிவாகவில்லை. இன்னொன்று: எடை பதிவாகவில்லை. ஒதுக்கிய நேரம் பத்து நிமிடம். அதில் மூன்று நிமிடம் பெட்டிக்குப் போய்விடுகிறது. முழங்காலுக்கு மீதி. எழுந்து போகும்போது கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, "இன்னொன்று டாக்டர், ராத்திரியில் நெஞ்சு கொஞ்சம்..." என்று இழுப்பாரே, அதைக் கேட்க நேரம் இருந்ததா என்பதற்குப் புள்ளி கிடையாது.

டார்கெட் வைத்தால் ஆட்டம் காட்டுவார்கள் என்கிறார்களே, நல்ல உதாரணம் ஒன்று?

2005 ஏப்ரல் 28. பிரிட்டனில் தேர்தல் நேரம். டோனி பிளேர் பிபிசியின் நேரடிக் கேள்வி நேர நிகழ்ச்சியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெண்மணி எழுந்து, மகனை ஒரு வாரம் கழித்து அழைத்து வரச் சொன்னார்கள், ஆனால் முன்பதிவு செய்ய முடியாது, 48 மணி நேரத்துக்குள்தான் நேரம் தருவோம், அதற்குக் காரணம் அரசு வைத்த இலக்கு என்கிறார்கள் என்றார். 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் இலக்கு, அதற்குப் பணமும் உண்டு. கிளினிக்குகள் கண்டுபிடித்த வழி அற்புதமானது: 48 மணி நேரத்துக்கு அப்பால் முன்பதிவே கிடையாது! பிறகு காத்திருப்பு எப்படி 48ஐத் தாண்டும்? பிரதமருக்கு அது புதுச்செய்தி. அரங்கத்தில் எத்தனை பேருக்கு இப்படி என்று கேட்டபோது கைகள் பல உயர்ந்தன.

அவசர சிகிச்சைப் பிரிவிலும் அதே கதைதான். நான்கு மணி நேரத்துக்குள் நோயாளியை அட்மிட் செய்யவோ அனுப்பவோ வேண்டும் என்றார்கள், கடைசி சில நிமிடங்களில் கும்பலாக நகர்த்தப்பட்டார்கள். அமெரிக்காவில் இது இன்னும் மோசமாக முடிந்தது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் 14 நாளுக்குள் டாக்டரைப் பார்க்க வைக்க வேண்டும் என்பது இலக்கு, அதிகாரிகளின் போனஸ் அதோடு கட்டப்பட்டிருந்தது. ஃபீனிக்ஸ் நகரில் உண்மையான காத்திருப்போர் பட்டியலை ஒளித்து வைத்திருந்தது 2014ல் வெளியே வந்தது. துறை அமைச்சர் எரிக் ஷின்செகி மே 30 அன்று பதவி விலகினார்.

நோயைக் கண்டுபிடித்தால் பணம் என்று கொடுத்தால்?

அதையும் செய்தார்கள். 2014 அக்டோபரில் இங்கிலாந்தில் மறதி நோயை அடையாளம் கண்டு பதிவு செய்யும் ஒவ்வொருவருக்கும் டாக்டருக்கு 55 பவுண்டு என்று அறிவித்தார்கள். அம்மாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லும்போது அவர் பையில் 55 பவுண்டு விழுகிறது என்று மகளுக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும்? டாக்டர்களே கொதித்தார்கள். அடுத்த மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள்.

கூடக் கொடுப்பதற்குப் பதில் தப்புக்கு வெட்டினால்?

வெட்டினால் வேகமாக வேலை செய்யும், மனிதர்களுக்குக் கிடைப்பதை விட இழப்பதுதான் உறைக்கும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2012 அக்டோபர் முதல் அப்படிச் செய்கிறது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகள் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால் அந்த மருத்துவமனைக்குப் பணம் பிடிப்பார்கள். முதலில் 1% வரை, பிறகு 3% வரை. திரும்பி வருவது குறைந்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் "அட்மிட் செய்யவில்லை, கண்காணிப்பில் மட்டும் வைத்திருக்கிறோம்" என்று படுக்க வைப்பது கூடியது. இதயச் செயலிழப்பு நோயாளிகளின் மரணம் டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஏறியதாக 2018ல் ஓர் ஆய்வு சொல்ல, அதற்கு இதுதான் காரணமா என்று பெரிய சண்டையே நடந்தது. ஏழைகள் அதிகம் வருகிற மருத்துவமனைகள் அதிகமாக அடி வாங்கின. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர் திரும்பி வரத்தான் செய்வார். ஒத்த மருத்துவமனைகளோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்று பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள்.

வசதியில்லாத நாடுகளில் எடுபடுகிறதா?

ருவாண்டாவைத்தான் எல்லோரும் காட்டுவார்கள், காட்டவும் வேண்டும். அங்கே 166 சுகாதார நிலையங்களை வைத்து நேர்மையாகச் சோதித்தார்கள். ஒரு பக்கம் செய்த வேலைக்கு ஏற்பப் பணம், மறு பக்கம் அதே அளவு பணம் நிபந்தனையில்லாமல். இந்த இரண்டாவது பாதி முக்கியம், இல்லாவிட்டால் பணம் வந்ததால் தேறினார்களா, நிபந்தனையால் தேறினார்களா என்றே தெரியாது. சுகாதார நிலையத்தில் நடந்த பிரசவம் 23% கூடியது. சிறு குழந்தைகளைப் பரிசோதனைக்குக் கொண்டுவருவதும் நன்றாகவே கூடியது. ஆனால் கர்ப்பிணிகள் நான்கு தடவை முழுமையாக வருவதும், குழந்தைகளுக்கு எல்லாத் தடுப்பூசியும் முடிவதும் அசையவில்லை. பிரசவத்துக்குக் கிடைத்த தொகை பெரிது, கர்ப்பகாலப் பரிசோதனைக்குக் கிடைத்தது சில சென்ட். அப்புறம் இன்னொன்று: பிரசவத்துக்கு ஒரு தடவை அழைத்து வந்தால் போதும், நாலு தடவை வர வைப்பது வேறு வேலை.

ஒரு தடவையில் முடிகிற, கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய வேலையைப் பணத்தால் வாங்கலாம். வருடக்கணக்கில் ஒருவர் கூட இருந்து செய்ய வேண்டியதை அப்படி வாங்குவது கடினம். பிரிட்டனிலும் இதைத்தான் பார்த்தோம்.

நம் ஊரில் இதெல்லாம் உண்டா?

நம் ஊரில் எப்போதோ வந்துவிட்டது. கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு 30 ரூபாயும், அவரை அழைத்து வருகிற தரகருக்குத் தனித் தொகையும் கொடுக்கிற வழக்கத்தை 1950களின் பிற்பகுதியிலேயே தொடங்கி வைத்தது சென்னை மாநிலம். அந்தக் காலத்து 30 ரூபாய் கூலிக்காரருக்குச் சின்னப் பணம் இல்லை. அது நாடு முழுக்கப் பரவி, அவசரநிலைக் காலத்தில் 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷனாக முடிந்தது. அப்போது பணத்தோடு மிரட்டலும் சேர்ந்திருந்தது.

என் சித்தி கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தார். 1980களில் எங்கள் வீட்டில் பிப்ரவரி, மார்ச் வந்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். "இன்னும் ரெண்டு கேஸ் குறையுதுடா" என்பார். கேஸ் என்றால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிற பெண். பிரசவம் பார்த்ததற்கும், வயிற்றுப்போக்கில் கிடந்த குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்கும் மாதக் கூட்டத்தில் யாரும் கணக்குக் கேட்டதில்லை. கேஸ் குறைந்தால் மட்டும் எழுந்து நிற்க வேண்டும். அதே கேஸைப் பக்கத்து ஊர்ச் செவிலியர் தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டார் என்று ஒரு பெரிய பகையே நடந்தது, அந்த இரண்டு பேரும் அப்புறம் ஒரே பஸ்ஸில் ஏற மாட்டார்கள். 1996ல் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்டபோது சித்தி சொன்னது: "இனிமேலாவது ஜனங்க என்னைப் பார்த்தா கதவைச் சாத்த மாட்டாங்க."

காகிதத்தில் கைவிட்டார்களே தவிர ஊர்களில் அது முழுசாகப் போகவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். ஒரு நாளைக்கு 30தான் விதி. அங்கே நடந்த முகாம்களில் 13 பெண்கள் செத்துப்போனார்கள். பெண்களுக்குக் கொடுத்த தொகை 1,400 ரூபாய். அந்த டாக்டருக்கு அதே ஆண்டு குடியரசு தினத்தில், 50,000 ஆபரேஷன் செய்ததற்காக மாநில அரசு விருது கொடுத்திருந்தது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் இந்த முகாம் முறையையே நிறுத்தச் சொன்னது.

ஆஷா பணியாளர்களுக்குக் கொடுப்பது நல்ல திட்டம்தானே?

ஆஷா என்றால் கிராமத்தில் வீடு தேடிப் போய்ச் சுகாதார வேலை பார்க்கிற பெண்கள். அவர்கள் நல்லவர்கள். திட்டத்தைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு.

2005ல் ஜனனி சுரக்ஷா யோஜனா வந்தது. பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களின் கிராமங்களில், மருத்துவமனையில் பிரசவித்த தாய்க்கு 1,400 ரூபாய், அழைத்து வந்த ஆஷாவுக்கு 600. 2005-06ல் இந்தியாவில் 38.7% ஆக இருந்த மருத்துவமனைப் பிரசவம் 2015-16ல் 78.9%, 2019-21ல் 88.6%. இந்த ஏற்றத்தை லேசாகப் பேச முடியாது. ஆனால் பெண்கள் வந்து சேர்ந்த இடத்தில் ரத்தமும் இல்லை, மயக்க மருந்து டாக்டரும் இல்லை என்றால் வந்ததால் என்ன லாபம்? அதனால்தான் இந்தத் திட்டம் மட்டுமே எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று தேடியவர்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

கோபம் எதற்கு என்றால், இன்சென்டிவ் என்பது சம்பளத்துக்கு மேல் வருவது. ஆஷாவுக்குச் சம்பளமே கிடையாது. ஏறத்தாழ பத்து லட்சம் பெண்களை "தன்னார்வலர்" என்று எழுதி வைத்துவிட்டு, பச்சைக் குழந்தையை 42 நாள் வரை வீடு தேடிப் போய்ப் பார்த்து முடித்தால் 250, இதற்கு இவ்வளவு, அதற்கு இவ்வளவு என்று சில்லறை சில்லறையாகக் கொடுக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்துக் கிளம்பி, அந்தக் குடும்பம் கடைசி நிமிடத்தில் தனியார் மருத்துவமனைக்குத் திருப்பச் சொல்லிவிட்டால் பணம் வருமா என்பதே சந்தேகம். வேலை செய்தாள், ஆனால் எண்ணுகிற வேலையாக அது முடியவில்லை. இதைக் கூலி என்று சொன்னால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பேச வரும், ஆகவே ஊக்கத்தொகை. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்த கேரள ஆஷாக்கள் 7,000 ரூபாய் மாத மதிப்பூதியத்தை 21,000 ஆக்கச் சொல்லி மாதக்கணக்கில் எழாமல் இருந்தது இதனால்தான்.

தமிழ்நாட்டில் ஏன் ஆஷா பற்றி அதிகம் கேள்விப்படுவதில்லை?

இங்கே அவர்கள் மலைப்பகுதி போன்ற சில இடங்களில் மட்டும்தான். 2005-06லேயே தமிழ்நாட்டில் 87.8% பிரசவங்கள் மருத்துவமனையில்தான், 2019-21ல் 99.6%. சம்பளம் வாங்குகிற செவிலியர் ஊருக்குள் இருந்தார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸ்கள் முறை வைத்து இரவும் பகலும் இருந்தார்கள். நம் ஆட்கள் பெருமை பேசும்போது திட்டங்களின் பெயரைச் சொல்வார்கள், என்னைக் கேட்டால் ராத்திரி கதவு திறந்திருந்ததுதான் பெரிய விஷயம்.

நோயாளிக்குப் பணம் கொடுப்பதும் இங்கே பழையது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987ல் 300 ரூபாயில் தொடங்கி, 2006ல் 6,000, 2011ல் 12,000, 2018ல் ஊட்டச்சத்துப் பெட்டகம் சேர்த்து 18,000 ஆனது. பதிவு, பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி என்று தவணை தவணையாக வரும். கேட்டால் "ஊக்கம்" என்பார்கள், வாங்குகிறவர் அதை வேலைக்குப் போகாத மாதங்களின் அரிசிப் பணமாகத்தான் பார்க்கிறார். பார்க்கட்டும், இரண்டும் சரிதான். தவணை எட்டு மாதம் கழித்து வந்தால்தான் இரண்டும் இல்லாமல் போகிறது.

தனியார் டாக்டர்களிடம் அரசுப் பணம் எடுபட்ட கதை ஏதாவது?

காசநோய். தன்னிடம் வந்த காசநோயாளியை அரசுக்குத் தெரிவித்தால் டாக்டருக்கு 500 ரூபாய், சிகிச்சை முடிவைத் தெரிவித்தால் இன்னொரு 500. 2013ல் சில பத்தாயிரமாக இருந்த தனியார் பதிவுகள் 2019ல் 6.7 லட்சத்தைத் தாண்டின. 500 ரூபாய்க்காக ஒரு பிசியான நுரையீரல் டாக்டர் படிவம் நிரப்புவார் என்று நான் நம்பவில்லை. தெரிவிக்காவிட்டால் தண்டனை என்று 2018ல் அறிவிப்பு வந்தது, அதோடு படிவத்தை நிரப்பித் தர ஆளும் அனுப்பினார்கள். அந்த ஆள்தான் காரணம் என்பது என் ஊகம். நோயாளிக்கு மாதம் 500 என்று 2018ல் தொடங்கியது இப்போது 1,000.

ஒரு தடவை கொடுக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியுமா?

முடியும், ஆனால் வலிக்கும். இங்கிலாந்தில் 2014ல் பல அளவீடுகளுக்குப் பணத்தை நிறுத்தினார்கள். அந்த வேலைகளின் பதிவு உடனே சரிந்தது. வேலை குறைந்ததா, வேலை நடந்தும் எழுதுவது மட்டும் நின்றதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆய்வுக்கூட முடிவோடு தானாகப் பதிவாகிற அளவீடுகளில் சரிவு குறைவு, டாக்டர் கையால் டிக் அடிக்க வேண்டியவற்றில் அதிகம். அதில் பாதி விடை இருக்கிறது. ஸ்காட்லாந்து 2016ல் இந்த முறையையே மூட்டை கட்டிவிட்டது.

தனி ஆளுக்குக் கொடுப்பது நல்லதா, மொத்த டீமுக்கா?

டீமுக்கு. மருத்துவமனைகளின் சுத்தத்துக்காகக் கொடுக்கிற காயகல்ப் விருதில் ஒரு மாநிலத்தின் முதல் மாவட்ட மருத்துவமனைக்கு 50 லட்சம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 2 லட்சம். பெரும்பகுதி கட்டடத்துக்கும் வசதிக்கும், ஒரு பங்கு ஊழியர்களுக்கு. கழிப்பறை கழுவுகிறவர் இல்லாமல் அந்த விருது வராது என்பது எல்லோருக்கும் தெரிவது நல்லது. ஆய்வுக் குழு வருகிற வாரம் மட்டும் ஃபினாயில் வாசம் தூக்கும் என்பதும் தெரிந்ததுதான்.

நோயாளியாக நான் என்ன கேட்கலாம்? "டாக்டர், உங்களுக்கு டார்கெட் உண்டா" என்று கேட்க முடியுமா?

கேட்டால் முகம் சிவக்கும், பதில் வராது. அதற்குப் பதில், "இதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அவசரமானது என்றால் நல்ல டாக்டர் ஏன் என்று நேரடியாகச் சொல்வார், அவசரமில்லை என்றால் குரலிலேயே தெரிந்துவிடும். அரசு மருத்துவமனை என்றால் இன்னொன்று. பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி வைப்பதற்கும் ஊக்கத்தொகை உண்டு. வைத்துக்கொள்வது நல்லதாகக்கூட இருக்கலாம், ஆனால் கேட்டுவிட்டு வைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் போனால் வலி எடுப்பதற்கு முன்பே வேண்டும், வேண்டாம் என்று சொல்லி கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள். வலியில் கிடக்கும்போது நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டை வாசலிலேயே நின்று ஒரு தடவை படித்துப் பாருங்கள், அதில் காப்பர்-டி என்று எழுதியிருந்தால் அவருக்கு அது தெரியுமா என்று கேட்டுவிட்டு ஆட்டோ ஏறுங்கள்.